வாசல் தோட்டத்துக்கு வேலி போடலாமா?

கேள்வி: வீட்டின் முன்பக்கம் 10 அடிக்கு 15 அடி இடத்தில் வெண்டை, தக்காளி, கீரை, பூசணி போட்டிருக்கிறேன். ஒரு வாரம் கூடை கூடையாகக் காய்க்கிறது. அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. அக்கம்பக்கத்தில் கொடுத்தால், உடனே பதிலுக்கு எதையாவது தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவோ கேட்காமலே பறித்துக்கொள்கிறார். போன வாரம் பூசணிப் பிஞ்சும் போய்விட்டது. “வேலி போட்டுவிடு” என்கிறார் கணவர். உறவு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: வேலி வேண்டாம், சகோதரி. செடிகளை இடம் மாற்றி வையுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வெண்டை, கொத்தவரை, காராமணி எல்லாம் பறிக்கப் பறிக்கக் காய்ப்பவை. வெண்டையில் பூ உதிர்ந்த 4 முதல் 6 நாளில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். பறிக்காமல் விட்டால் நார் பாய்ந்து முற்றிவிடும். அதோடு, செடி சத்தையெல்லாம் அந்த விதைக்கே கொடுத்துவிட்டுப் புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே, அந்த அம்மா வெண்டையைப் பறித்தால் உங்கள் செடிக்கு நல்லதுதான். பூசணி அப்படியில்லை. பிஞ்சு பிடித்து முற்ற ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும், ஒரு கொடியில் நின்று முற்றுவதும் சில காய்கள்தான். அதில் ஒன்று போனால் வயிறு எரியத்தான் செய்யும்.

அடுத்த விதைப்பில் தெருவோரம் முழுக்க வெண்டையும் கொத்தவரையும் காராமணியும் இருக்கட்டும். பூசணியும் தக்காளியும் வீட்டுச் சுவரை ஒட்டி வரட்டும். அங்கே குறைந்தது 6 மணி நேரம் வெயில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த அம்மாவைக் கூப்பிட்டு, “தெருவோரம் இருப்பதை நீங்களும் பறிச்சுக்கோங்கம்மா. பூசணி மட்டும் முற்றட்டும், நானே கொண்டுவந்து தர்றேன்” என்று மனம்விட்டுச் சொல்லுங்கள். எப்படிப் பறிப்பது என்றும் காட்டிக்கொடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கிளை முறியும், பக்கத்திலிருக்கும் பூவும் உதிரும். காம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். பூசணியில் காம்பு காய்ந்து, தோலில் நகம் பதியாமல் இருந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். இதையும் சொல்லிவையுங்கள், தெரிந்தவர் பிஞ்சில் கைவைக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

ஒரு வாரம் குவிந்து, அடுத்த வாரம் ஒன்றுமில்லாமல் போவதற்குக் காரணம் எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டதாக இருக்கலாம். கீரையையும் கொத்தவரையையும் பாத்தியின் கால் பங்கில் மட்டும் விதையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்த கால் பங்கு. வாரந்தோறும் அளவாக வரும், கொடுக்கவும் சுலபமாக இருக்கும். யாருக்கும் ஒரு கைப்பிடிக்கு மேல் கொடுக்காதீர்கள். பை நிறையக் கொடுத்தால் வாங்குபவருக்கு அது கடன் மாதிரி மனதில் உட்கார்ந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த வீட்டுக் குழந்தைகளும் இதைச் சாப்பிடப்போகிறார்கள். வாசல் மண்ணில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பழைய பெயின்ட் உதிர்ந்து விழுந்திருக்கும், வாகனப் புகை படிந்திருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை உலகில் முழுவதுமாக நின்றதே 2021-இல்தான். மண்ணில் சேர்ந்த ஈயம் மக்கிப் போகாது. காய்களைவிடக் கீரையிலும் கிழங்கிலும்தான் அது அதிகம் சேரும். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை கீரையைத் தொட்டியிலோ, புது மண் நிரப்பிய மேட்டுப்பாத்தியிலோ வளருங்கள். பூச்சிமருந்து தெளித்திருந்தால், லேபிளில் போட்டிருக்கும் நாள்கணக்கு முடியும்வரை யாரும் பறிக்காதபடி அந்த வரிசையில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

பதிலுக்கு ஏதாவது கொண்டுவருபவர்களைத் தடுக்காதீர்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, அவர்களிடம் ஓர் உதவி கேட்பது. நீங்கள் வெளியூர் போகும் நாட்களில் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கடும் வெயிலில் தொட்டிச் செடி ஒரு நாள்கூடத் தாங்காது. அந்த நாட்களில் காய்ப்பதை அவர்களே பறித்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் நீங்கள் திரும்பி வருவதற்குள் வெண்டை எல்லாம் முற்றிப்போயிருக்கும்.