பத்து நாள் பொறுக்கச் சொல்கிறார் வியாபாரி: பன்னீர் திராட்சையை இப்போதே வெட்டலாமா?

கேள்வி: ஐயா, சுருளிப்பட்டி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. தாத்தா போட்ட பந்தல். அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். இந்தத் தடவை ஆள் கிடைக்காமல் ஆனி 10-ல்தான் கவாத்து (பழைய கிளைகளை வெட்டிவிடுவது) முடிந்தது. இன்று 108-வது நாள். நான்கு நாளாகச் சாயங்காலமானால் மழை. சில கொத்துகளில் பழம் வெடித்திருக்கிறது. முன்பணம் கொடுத்த வியாபாரி, "பத்து நாள் பொறுங்கள், நிறம் ஏறட்டும், தீபாவளியை ஒட்டி வெட்டினால் கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூடும்" என்கிறார். அப்பாவும் பொறுக்கலாம் என்கிறார். மருந்துக்கடையில் கால்சியம் அடிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— கம்பம் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: பொறுக்காதீர்கள். மழை விட்டு ஒரு பகல் நன்றாகக் காய்ந்ததும் பழுத்த கொத்துகளை வெட்டுங்கள். மிச்சத்தை நான்கைந்து நாள் விட்டு இரண்டாம் வெட்டாக எடுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் அப்பாவிடம் காரணம் சொல்ல வேண்டுமே, அதற்காக மேற்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் பந்தலுக்குள் குனிந்து போய், வெடித்த பழம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பு சேருமிடத்தைச் சுற்றியோ பக்கவாட்டிலோ நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு இருக்கும். பழம் சர்க்கரை ஏறி முற்றும்போது தோல் இறுகிப்போகிறது. அந்த நேரத்தில் மழை பெய்தால் வேர் ஒரே இரவில் நீரை ஏற்றிவிடும். நனைந்த தோலும் நீரை உள்ளே இழுக்கும். உள்ளே சதை உப்புகிறது, தோலுக்கு அதற்கு மேல் விரிய இடமில்லை. கீறல் விழுந்த பழம் ஒன்றாக இருக்கும்வரை கவலையில்லை. அதிலிருந்து வடியும் சாறு பக்கத்துப் பழத்தில் பட்டு, அடுத்த நாள் புளித்த வாடை வந்து, சின்ன ஈ மொய்க்க ஆரம்பித்தால் அந்தக் கொத்து போனமாதிரிதான். வெடித்த பழங்களைச் சின்னக் கத்தரியால் இன்றைக்கே நறுக்கி எடுத்துவிடுங்கள். பந்தலுக்கடியில் போடாமல் வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள்.

பழுத்துவிட்டதா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பன்னீர் ரகத்துக்கே உள்ள குறை, ஒரே கொத்தில் கருத்த பழமும் சிவந்த பழமும் பச்சையும் கலந்து நிற்பது. கொத்தின் நுனிப் பழம்தான் கடைசியில் பழுக்கும். அதனால் நுனியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே காம்பை ஒட்டிய தோளில் ஒன்று என்று பறித்து வாயில் போட்டுப் பாருங்கள். விதையைத் துப்பிப் பாருங்கள். விதை பழுப்பாக இருந்தால் பழம் தயார், பச்சை ஓடியிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பழச்சாற்றின் இனிப்பை அளக்கக் கையடக்கமாக ஒரு பிரிக்ஸ் மீட்டர் கிடைக்கிறது. தோட்டத்தில் ஐந்தாறு இடங்களில் கொத்து எடுத்துப் பார்த்து, சராசரி 18-ஐத் தொட்டுவிட்டால் வியாபாரியிடம் வாதாட உங்கள் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். வருடத்தில் எத்தனையோ டப்பா மருந்து வாங்குகிறோம், ஒருமுறை இதை வாங்கினால் என்ன?

இன்னொன்று. திராட்சை வாழை மாதிரியோ மாம்பழம் மாதிரியோ இல்லை. வெட்டிய பிறகு அதில் ஒரு துளி இனிப்பும் ஏறாது. ஆகவே பச்சையாக வெட்டிவிடாதீர்கள் என்பதும் உண்மைதான். அதனால்தான் இரண்டு வெட்டு என்கிறேன்.

இனி வியாபாரிக்கு வருவோம். அவர் பொறுக்கச் சொல்வது நிறத்துக்காக மட்டும் என்று நினைக்கிறீர்களா? வெளியூர் மார்க்கெட்டில் சரக்கு தேங்கியிருந்தால், வெட்டிய பழத்தை வைத்துக்கொள்ள அவருக்கு இடம் வேண்டும். உங்கள் பந்தல் அவருக்கு வாடகையில்லாத குளிர்பதனக் கிடங்கு. பழம் கொடியில் தொங்கும்வரை அழுகினால் உங்கள் நஷ்டம், வெட்டிய பிறகு அழுகினால்தான் அவர் நஷ்டம். தீபாவளி விலை என்று அவர் சொல்லும் நாலைந்து ரூபாய் எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. பத்து நாள் கழித்து வந்து, ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்து, "என்ன இப்படி வெடித்துக் கிடக்கிறது" என்று உதட்டைப் பிதுக்குவார். பேசிய விலையிலிருந்து குறைப்பார், அதற்குமேல் பெட்டிக்கு இவ்வளவு கழிவு என்று எடையிலும் பிடிப்பார். முன்பணம் வாங்கியிருக்கிறோமே என்று நீங்களும் வாயைத் திறக்க மாட்டீர்கள். வருடா வருடம் இதே கூத்துதான், ஆள் மட்டும் மாறுகிறார்.

பேச்சு எப்படி நடக்கிறது என்றும் கவனியுங்கள். வெயில் காலத்தில் தோட்டத்தை மொத்தமாகப் பேசுவோம் என்பார்கள், மழைக்காலத்தில் கிலோக் கணக்கு என்பார்கள். மொத்தமாகப் பேசினால் மழை நஷ்டம் அவருடையது, கிலோக் கணக்கில் அது உங்களுடையது. அடுத்த முறை முன்பணம் வாங்குமுன் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: என்ன விலை, எந்தத் தேதிக்குள் வெட்டு, அந்தத் தேதி தாண்டி மழையில் சேதமானால் யார் பொறுப்பு. அவர் கையெழுத்துப் போட மறுத்தால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

நிறம் ஏறவில்லை என்றால் "எத்ரல் அடித்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அது தோலைக் கறுக்க வைக்கும், இனிப்பைக் கூட்டாது. இத்தனை மழையில் பழம் காம்பிலிருந்து கழன்று உதிரும் ஆபத்து வேறு. வாங்கிச் சாப்பிட்டவர் புளிப்பில் முகத்தைச் சுளித்தால் கெடுவது வியாபாரி பெயரில்லை, கம்பம் பன்னீர் திராட்சையின் பெயர். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டாசு வெடித்துக் கொண்டாடினோம். தராசு என்னவோ இன்னும் வியாபாரி கையில்தான்.

கால்சியம் விஷயம் ஒரு வரிதான். பழம் பட்டாணி அளவில் இருக்கும்போது கொடுத்தால் தோலுக்குப் பலன் உண்டு, 108-வது நாளில் கடைக்காரருக்கு மட்டும்தான் பலன். இப்போது எந்தப் பூஞ்சாண மருந்தும் அடிக்காதீர்கள். அடித்த பிறகு இத்தனை நாள் வெட்டக் கூடாது என்று டப்பாவில் ஒரு காத்திருப்புக் காலம் அச்சிட்டிருக்கும், அதுவரை உங்களால் பொறுக்க முடியாது.

அறுவடைக்கு 15 நாள் முன்பே தண்ணீரை நிறுத்து என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் இருபது வருடமாக அதைத்தான் சொல்லிவருகிறேன். கோடை அறுவடைக்கு அது சரி. ஆனால் உங்களைப் போலப் புரட்டாசி, ஐப்பசியில் வெட்டுபவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்வதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பழம் வெடிப்பதற்குத் தண்ணீர் அதிகமானது மட்டும் காரணமில்லை, தண்ணீர் திடீரென்று மாறுவதும் காரணம். பதினைந்து நாள் காயப்போட்டு மண்ணில் வெடிப்பு விட்ட நிலத்தில் ஒரே சாயங்காலம் கனமழை கொட்டினால், தாகத்தோடு இருக்கும் வேர் மடமடவென்று உறிஞ்சும். பக்கத்துத் தோட்டத்தில் சொட்டுநீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் காத்தவருக்கு அதே மழையில் சேதம் குறைவாக இருக்கும். ஆகவே மழை எதிர்பார்க்கும் மாதத்தில் அறுவடை விழுந்தால் தண்ணீரை முழுதாக நிறுத்தாமல், வழக்கமாக விடுவதில் பாதிக்கும் குறைவாக விட்டு வாருங்கள். களிமண்ணாக இருந்தால் இன்னும் குறையுங்கள், செம்மண் சரளையாக இருந்தால் சொன்ன அளவு போதும். மழை தொடங்கிவிட்ட பிறகு ஒரு சொட்டும் விடக் கூடாது. "ஐயா தண்ணீர் விடச் சொன்னார்" என்று இந்த வாரம் போய் வால்வைத் திறந்துவிடாதீர்கள்! நான் சொல்வது அடுத்த வருடத்துக்கு. இப்போது உங்கள் வேலை வாய்க்காலை வெட்டி, பந்தலுக்குள் நிற்கும் நீரை வடிப்பதுதான்.

உண்மையில் உங்கள் சங்கடம் இந்த மழையில் தொடங்கவில்லை, கவாத்து நாளில் தொடங்கியது. பன்னீருக்குக் கவாத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம். வைகாசி முதல் வாரத்தில், அதாவது மே நடுவில் கவாத்து செய்திருந்தால் செப்டம்பர் நடுவில் பழம் இறங்கியிருக்கும். ஆனி 10 என்றால் ஜூன் கடைசி வாரம். எண்ணிப் பாருங்கள், அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் வாரம் அது. ஆள் கிடைக்காமல் போனது உங்கள் தப்பில்லை. ஆனாலும் நாள் தவறினால் பாதித் தோட்டத்தையாவது முதலில் முடித்துவிடுங்கள்.

நாசிக் பக்கத்து வீடியோக்களைப் பார்த்து நம் பிள்ளைகள் சிலர் குழம்புகிறார்கள். அங்கே வருடத்துக்கு இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. ஏப்ரல் கவாத்து கொடியைத் தயார் செய்ய, அக்டோபர் கவாத்து பழத்துக்கு. நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு கவாத்தும் பழத்துக்குத்தான். இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடைவரை எடுக்கிறோம். வருடம் முழுக்கத் திராட்சை கிடைக்கும் ஊர் என்று பெருமைப்படுகிறோம், சரி. ஆனால் கொடி ஒரு பக்கம் பழத்தைச் சுமந்துகொண்டே, மறுபக்கம் அடுத்த விளைச்சலுக்கான கருவைக் கணுக்களில் உருவாக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வெயில் வேண்டும். ஆடி, ஆவணியில் நாள் கணக்கில் மூட்டமும் சாரலுமாக இருந்தால், கொத்தாக வேண்டிய கரு, கொடி பற்றிப் படரும் வெறும் சுருள்கம்பியாகப் போய்விடும். அடுத்த முறை கவாத்து செய்து, தழைத்துத் தழைத்து வந்து, கொத்தைக் காணோம் என்று தலையில் கை வைப்போம். போன பருவத்து மேகத்துக்கு இந்தப் பருவத்து உரத்தைக் குறை சொல்வோம்.

ஆகவே இப்போது வெட்டியதும் உடனே கத்தரியைத் தூக்காதீர்கள். கொடிக்கு ஓய்வு கொடுங்கள். மார்கழி பிறந்ததும், டிசம்பர் 15-க்கும் 25-க்கும் நடுவில் கவாத்து வைத்துக்கொண்டால், ஜனவரி கடைசியில் காய்ந்த வானிலையில் பூக்கும், ஏப்ரலில் கோடை மழை வலுக்குமுன் பழம் இறங்கும். அதற்கு மூன்று வாரம் முன்பாக, தோட்டத்தின் வெவ்வேறு மூலைகளில் ஐந்தாறு கொடிகளை மட்டும் நான்கு கணு விட்டு வெட்டிப் பாருங்கள். துளிரில் கொத்து தெரிந்தால் மிச்சத்தையும் அதே அளவில் வெட்டலாம். கொத்து இல்லாமல் சுருள்கம்பியாக வந்தால் இரண்டு கணு கூட்டி விட்டுப் பாருங்கள். பென்சில் பருமன் இல்லாத, பழுப்பேறாத பச்சைக் கொடியை எப்படி வெட்டினாலும் அதில் ஒன்றும் வராது.

நிவாரணம் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கணக்கெடுப்பில் வந்தால்தான் கிடைக்கும். ஒரு தடவை என் சொந்தக்காரர் தோட்டத்துக்காக நானே மனு எழுதிக் கொடுத்தேன். பார்க்க வந்தவர் பதினேழாம் நாள் வந்தார். நெல் சாய்ந்தால் சாய்ந்தபடி கிடக்கும், திராட்சை அழுகினால் மூன்றாம் நாள் ஈயாகிப் பறந்துவிடும். வெறும் காம்பைப் பார்த்து, "பழம் எங்கே?" என்றார். மழையளவு எடுக்கும் கருவி எங்கேயோ ஓர் ஊரில் இருக்கிறது. கூடலூரில் கொட்டும் மழை சின்னமனூரில் தூறல்கூடப் போடாது, இது நம் ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும். படிவத்துக்குத்தான் தெரியவில்லை. அதனால் சேதமான கொத்துகளைத் தேதி தெரியும்படி இன்றே போனில் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை உதவி அலுவலரிடமும் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கிடைத்தால் லாபம்.

கடைசியாக ஒன்று. மார்கழிப் பனியில் இளந்துளிர் நனைந்தே இருக்கும், அடிச்சாம்பல் நோய் அங்கேதான் பிடிக்கும். கவாத்து முடிந்ததும் ஒரு சதவீத போர்டோ கலவை அடியுங்கள். ஒரு கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரிலும், ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. கலந்ததும் ஒரு இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் சிவப்பாகச் செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்த்து மறுபடி பாருங்கள், இல்லாவிட்டால் துளிர் கருகிவிடும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே அடித்துவிடுங்கள்.