கில்டில் ஒரு சாவு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அம்பத்தூரில் வசிக்கிறேன். ஓய்வு பெற்றவன். என் மகனுக்கு 26 வயது, சிறுசேரியில் ஐ.டி. வேலை. வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் நள்ளிரவுக்குமேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் மூன்று, மூன்றரை மணிவரை எழுந்திருக்க மாட்டான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று ஒரு விளையாட்டு. போன வாரம் அவனோடு விளையாடும் போலந்துக்காரர் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டார். இவன் அவரை நேரில் பார்த்ததே இல்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, லீவு போட்டான். "முகம்கூடத் தெரியாதவனுக்கு என்னடா இவ்வளவு?" என்று கேட்டேன். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டான். அவன் பெரியப்பா இறந்தபோதுகூட இப்படி அழவில்லை. சனிக்கிழமை இரவு விளையாட்டுக்குள்ளேயே அஞ்சலிக் கூட்டம் வைக்கிறார்களாம். நானும் முப்பது வருடம் சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போய்வந்தவன். எனக்கும் நண்பர்கள் உண்டு, கண்ணால் பார்த்த நண்பர்கள். இவனுக்கு இருப்பது அடிமைப் பழக்கமா? நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு தந்தை, அம்பத்தூர்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகனுக்கு வந்திருப்பது துக்கம். கூட இருந்தவனை இழந்தவனின் துக்கம். பெரியப்பாவின் சாவோடு அதை ஒப்பிட்டு எடைபோட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நள்ளிரவு நேரத்திலிருந்து தொடங்குகிறேன். போலந்தில் இரவு எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு 12.30, கோடையில் 11.30. அங்கே வேலை முடித்து, சாப்பிட்டு, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வருகிறவர்களுக்காக உங்கள் மகன் அம்பத்தூரில் கண்விழிக்கிறான். இந்தியாவில் இந்த விளையாட்டை இயக்கும் சர்வர் கணினிகள் இல்லை. நம் ஊர் ஆட்கள் ஐரோப்பாவிலோ ஆஸ்திரேலியாப் பக்கத்திலோ போய் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பலர் கூட்டாகப் போய்ப் பெரிய அரக்கர்களோடு மோதுவதற்கு ரெய்டு என்று பெயர். 2004-இல் இந்த விளையாட்டு வந்தபோது பெரிய ரெய்டுகளுக்கு 40 பேர் தேவைப்பட்டார்கள். இப்போது ஆகக் கடினமான ரெய்டுக்கு 20 பேர். அடியைத் தாங்கி நிற்பவர் டேங்க். மற்றவர்களின் உயிர் இறங்காமல் பார்த்துக்கொள்பவர் ஹீலர். மிச்சப்பேர் தாக்குபவர்கள். ஒரே அரக்கனிடம் வாரக்கணக்கில் தோற்பார்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எங்கே பிசகியது, யார் நகர மறந்தார் என்று பேசிவிட்டு மறுபடி நுழைவார்கள். ஒரு ஹீலர் சொல்லாமல் வராமல் போனால் மிச்சம் 19 பேரின் இரவு பாழ். இப்படிச் சேர்ந்து ஆடும் குழுவுக்குத்தான் கில்ட் என்று பெயர்.

ஜெயித்த பிறகு இன்னும் பெரிய சோதனை வரும். அரக்கனிடமிருந்து கிடைப்பது சில பொருட்கள்தான், கேட்பவர்கள் இருபது பேர். இதே வகையில் 1999-இல் வந்த எவர்க்வெஸ்ட் விளையாட்டிலேயே ஆடுகிறவர்கள் இதற்காகத் தாங்களே ஒரு கணக்கு வைத்தார்கள். ரெய்டுக்கு வந்தால் புள்ளி ஏறும், பொருள் எடுத்தால் இறங்கும். கம்பெனி செய்து கொடுத்த ஏற்பாடு இல்லை அது. முன்பின் தெரியாதவர்கள் பங்குச் சண்டையில் பிரிந்துபோகாமலிருக்கத் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சட்டம். அப்படியும் பங்குச் சண்டையில் உடைந்த கில்டுகள் ஏராளம். உடையாமல் நான்கைந்து வருடம் ஓடும் கில்டில் பொறுமைசாலிகள் சிலர் கட்டாயம் இருப்பார்கள். இறந்தவர் அப்படி ஒருவராக இருந்திருக்கலாம். உங்கள் மகனைக் கேட்டால் தெரியும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று. 2009 டிசம்பரில் இந்த விளையாட்டில் புது வசதி ஒன்று வந்தது. பட்டனை அழுத்தினால் போதும், ஐந்து பேர் குழுவை இயந்திரமே சேர்த்துக் கொடுத்துவிடும். அதுவரை குழு வேண்டுமென்றால் ஊர் சதுக்கத்தில் நின்று ஆள் கூப்பிட வேண்டும், நல்ல பெயர் இருந்தால்தான் வருவார்கள். வசதி வந்த பிறகு வேறு வேறு சர்வர்களின் ஆட்கள் ஒரே குழுவில் விழுந்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் முடித்துவிட்டுப் பிரிந்தார்கள். கெட்ட பெயர் எடுத்தாலும் கவலையில்லை, மறுபடி யாரைப் பார்க்கப்போகிறோம்? பலர் மனம் கசந்தார்கள். 2019-இல் பழைய வடிவத்தை மறுபடி வெளியிட்டபோது அந்த வசதி இல்லாமல்தான் வெளியிட்டார்கள். மனிதர்கள் அதே மனிதர்கள்தான். ஒருவர் தயவு இன்னொருவருக்குத் தேவைப்படும் இடத்தில் உறவு வளர்கிறது, தேவைப்படாத இடத்தில் அது நடப்பதில்லை. முகம் தெரிந்ததா தெரியாததா என்பது அதற்கு அடுத்த கேள்வி என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் அதே பெட்டியில் இடம் பிடித்து வைத்தவர், ஆயுத பூஜைக்குப் பெட்டியில் மாலை கட்ட உங்களோடு காசு போட்டவர். அவர் வீட்டுக்கு ஒருமுறையாவது போயிருப்பீர்களா? அவர் இரண்டு நாள் வரவில்லையென்றால் பெட்டி முழுக்க விசாரித்திருப்பீர்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கில்டில் முதல் கேள்வி "நீ டேங்கா, ஹீலரா?" அங்கே தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டு, செய்யும் வேலையால் மட்டும் ஒருவன் அறியப்படுகிறான். இது ஒரு இளைஞனுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று நம் தலைமுறை யோசித்ததே இல்லை. அங்கேயும் இழிவுகள் உண்டு. இந்திய உச்சரிப்பைக் கேட்டதும் கேலி செய்பவர்கள் உண்டு. தொல்லைக்குப் பயந்து மைக்கையே திறக்காமல் ஆடும் பெண்கள் பல பேர். அதையெல்லாம் தாண்டி ஒரு குழு அவனைத் தன் ஆளாக வைத்துக்கொண்டிருக்கிறது.

அடிமைப் பழக்கமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு உண்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைப்பது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது. இதெல்லாம் பொதுவாக ஒரு வருடமாவது நீடித்து, வாழ்க்கையைக் கடுமையாகப் பாதிக்க வேண்டும். மணிக்கணக்கை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. தூக்கம் கெடுவது உண்மை. அதைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் இந்த மாதம் வேண்டாம்.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞன். டுஷென் தசைச்சிதைவு நோய். சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து 2014-இல் 25 வயதில் இறந்தான். இதே விளையாட்டுத்தான். மகன் நண்பர்களே இல்லாமல் போய்ச் சேர்ந்தான் என்றுதான் பெற்றோர் மனமுடைந்திருந்தார்கள். அவனுடைய வலைப்பூவில் தந்தை மரணச் செய்தியை எழுதினார். உடனே கடிதங்கள் வந்து குவிந்தன. கில்ட் நண்பர்கள் சிலர் வெளிநாட்டிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். ஆட்டிசம் உள்ள தன் மகனோடு நெருங்க முடியாமல் தவித்த ஒரு தாய்க்கு, அவனோடு சேர்ந்து விளையாட்டுக்குள் வரும்படி யோசனை சொன்னவன் மாட்ஸ். அந்தத் தாயும் மகனும் நெருங்கியது அதற்குப் பிறகுதான். இதெல்லாம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது, பெற்றோருக்குத் தெரியாது.

சனிக்கிழமை அவன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். 2006-இல் இறந்த ஒருவருக்காக இதே விளையாட்டில் கூடிய அஞ்சலிக் கூட்டத்தை இன்னொரு கில்ட் புகுந்து வெட்டிச் சாய்த்தது, அதைப் படம்பிடித்தும் வெளியிட்டது. அப்படியும் செய்பவர்கள் உண்டு என்று தெரிந்துதான் இவர்கள் கூடுகிறார்கள்.

அதற்கு முன்பு அவனிடம் கேளுங்கள்: இறந்தவரை என்ன பெயரால் கூப்பிடுவீர்கள், ஆட்டத்தில் அவர் என்ன பொறுப்பு, உனக்கு எதைக் கற்றுக்கொடுத்தார். போலந்தில் அவருக்கும் பெற்றோர் இருக்கக்கூடும். தங்கள் மகன் இரவெல்லாம் யாரோடு பேசினான் என்பது அவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். உங்கள் மகனுக்குத் தெரியும். கில்ட் ஆட்கள் மூலம் முகவரி கேட்டு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் திணறுவான். துக்க வீட்டுக்கு எழுதும் பழக்கம் நம் வயதுக்காரர்களுக்கு உண்டு, அவன் வயதுக்காரர்களுக்கு இல்லை. முதல் பத்தியை நீங்கள் சொல்லுங்கள், அவன் ஆங்கிலத்தில் எழுதட்டும்.