பவர்பாயின்ட் டிரான்சிஷன்: எதைப் போடுவது, எத்தனை நொடி வைப்பது?

ஸ்லைடு மாறும்போது வரும் எஃபெக்ட்டுகளில் எதைப் போடலாம், போட்டது ஏன் வேறு இடத்தில் ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவதற்கு முதலில் பதில். டிரான்சிஷன் உள்ளே வரும் ஸ்லைடுக்கு உரியது, வெளியே போகும் ஸ்லைடுக்கு அல்ல. 3-லிருந்து 4-க்குப் போகும்போது எஃபெக்ட் வேண்டுமென்றால் 4-ஐத் தேர்ந்தெடுத்து டிரான்சிஷன்ஸ் தாவலில் போடுங்கள். 3-இல் போட்டால் 2-லிருந்து 3 வரும்போதே ஓடிவிடும். போட்ட ஸ்லைடின் சிறுபடம் அருகே நட்சத்திரக் குறி தெரியும்.

எதைப் போடுவது? பெரும்பாலான ஸ்லைடுகளுக்கு ஃபேட் (ஒரு ஸ்லைடு மெல்ல மங்கி அடுத்தது தோன்றுவது) போதும். அதன் டியூரேஷன் 0.70 நொடியாக வரும், அப்படியே விடலாம். புதிய பகுதி தொடங்கும் இடத்தில் மட்டும் அதன் எஃபெக்ட் ஆப்ஷன்ஸில் 'த்ரூ பிளாக்' கொடுங்கள். திரை ஒரு கணம் இருண்டு மீளும்போதே பேச்சு அடுத்த கட்டத்துக்கு நகர்வது பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். ஆரிகாமி, வோர்டெக்ஸ் போன்றவற்றை வகுப்பிலோ அலுவலகத்திலோ தவிர்த்துவிடுங்கள். எஃபெக்ட் முடியும்வரை நீங்கள் பேசுவது யார் காதிலும் ஏறாது.

உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது மார்ஃப். அடுத்தடுத்த இரண்டு ஸ்லைடிலும் இருக்கும் ஒரே பொருளை, பழைய இடம், அளவிலிருந்து புதியதற்கு வழுக்கிக்கொண்டு போக வைக்கும் டிரான்சிஷன் இது. 2019 பதிப்பிலும் அதற்குப் பிந்தையவற்றிலும், 365 சந்தாவிலும் இருக்கிறது. ஒரு வரைபடத்தில் தமிழ்நாடு முழுவதையும் காட்டிவிட்டுக் காவிரி டெல்டாவை நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஸ்லைடை கன்ட்ரோல்+டி அழுத்தி நகலெடுங்கள். நகலில் வரைபடத்தைப் பெரிதாக்கி, டெல்டா நடுவில் வரும்படி நகர்த்துங்கள். பிறகு அந்த நகலுக்கு மார்ஃப் போடுங்கள். இயல்பாக வரும் 2 நொடி கொஞ்சம் இழுவை, 1.25 அளவுக்குக் குறைத்தால் நன்றாக இருக்கும். பெரிதாக்கிய படம் மங்கினால், மூலப்படம் சிறியதாக இருக்கலாம், அல்லது சேமிக்கும்போது மென்பொருள் அதைச் சுருக்கியிருக்கலாம். படத்தைச் செருகுவதற்கு முன்பே ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள்.

ஒரு வடிவம் நகராமல் மறைந்து வேறிடத்தில் தோன்றினால், இரண்டு ஸ்லைடிலும் இருப்பது ஒன்றே என்று மார்ஃபுக்குப் புரியவில்லை. ஆல்ட்+எஃப்10 அழுத்தினால் செலக்‌ஷன் பேன் (ஸ்லைடில் உள்ள பொருள்களின் பெயர்ப் பட்டியல்) திறக்கும். இரண்டு ஸ்லைடிலும் அதற்கு ஒரே பெயரை, முன்னால் இரண்டு ஆச்சரியக்குறி சேர்த்துக் கொடுங்கள்: !!வட்டம். இதனால் வட்டம் சதுரமாக உருமாறுவதுகூடச் சாத்தியம். ஒரு பொருள் திரையை விட்டு வெளியே போக வேண்டுமா? அடுத்த ஸ்லைடில் அதை அழிக்காதீர்கள். அழித்தால் வெறுமனே மங்கிப்போகும். ஸ்லைடின் விளிம்புக்கு வெளியே இழுத்து வையுங்கள்.

ஸ்லைடுகள் தானாக ஓடுகின்றன என்றால் டிரான்சிஷன்ஸ் தாவலின் 'ஆஃப்டர்' கட்டத்தில் டிக் இருக்கிறது. ஒத்திகை பார்த்தபோது பதிவான நேரமாக இருக்கும். அதை எடுத்துவிட்டு 'ஆன் மவுஸ் கிளிக்' மட்டும் வைத்து, அப்ளை டு ஆல் அழுத்துங்கள். ஆனால் அந்தப் பொத்தான் டிரான்சிஷனையும் சேர்த்தே எல்லா ஸ்லைடிலும் ஒட்டிவிடும், அங்கங்கே போட்ட மார்ஃப் போய்விடும். எனவே இதை முதலில் முடித்துவிட்டு மார்ஃபைக் கடைசியில் போடுங்கள்.

ஜூமில் திரையைப் பகிர்ந்து பேசுவதானால், இணைய வேகம் குறைந்த இடங்களில் மார்ஃப் விட்டுவிட்டு நகரும். அதற்கென்று ஒரு நகல் கோப்பு வைத்து, எல்லா ஸ்லைடையும் தேர்ந்தெடுத்து, டிரான்சிஷனே வேண்டாம் என்பதற்கான 'நன்' (None) கொடுத்துவிடுங்கள். மார்ஃப் போட்ட கோப்பை, அந்த வசதி இல்லாத பழைய பதிப்பில் திறந்தால் மார்ஃப் ஃபேடாக ஓடும், பிழை எதுவும் வராது. பிடிஎஃப் ஆக்கினால் எந்த டிரான்சிஷனும் மிஞ்சாது.