பழைய கொலுசை உருக்கி நகைத் தொழில் தொடங்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். கையாலேயே வெள்ளி நகை செய்து விற்க ஆசை. யாரையும் சுரண்டாமல், ஆற்றையும் காட்டையும் கெடுக்காமல் வந்த வெள்ளிதான் வேண்டும். உறவுக்காரர்களிடம் பழைய கொலுசு நிறைய இருக்கிறது. அதை உருக்கி '925' முத்திரை குத்தி விற்கலாமா?

பதில்: உருக்கலாம். முத்திரையை மட்டும் இப்போது குத்தாதீர்கள்.

925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. பாட்டி காலத்துக் கொலுசில் அந்தத் தரத்தை எதிர்பார்க்க முடியாது. போதாக்குறைக்கு வளையத்துக்கு வளையம் ஒட்டப் பற்றவைத்த உலோகப் பொடி வேறு தரத்தைக் குறைக்கும். 80 விழுக்காடு வெள்ளியுள்ள 100 கிராம் கொலுசை 925-க்கு ஏற்ற, ஏறக்குறைய 167 கிராம் சுத்த வெள்ளி சேர்க்க வேண்டும்! அதைவிட, சுத்திகரிப்பவரிடம் கொடுத்துச் சுத்த வெள்ளியாக வாங்கி நீங்களே செம்பு கலப்பது மேல். நம் சரக்கைத் தனியாக உருக்குவாரா என்று முதலிலேயே கேளுங்கள். மொத்தமாகப் போட்டு உருக்கினால் 'மறுசுழற்சி வெள்ளி' என்று சொல்லிக்கொள்ளலாம். 'எங்கள் பாட்டி கொலுசு' என்று சொல்ல முடியாது. தரம் குறைந்த வெள்ளியில் 925 குத்தி விற்பது மலேசியாவின் வணிக விவரிப்புச் சட்டம் 2011-இன்படி குற்றம்.

கல் வாங்குவது இன்னும் சிக்கல். போர்க்குழுக்களுக்குப் பணம் சேர்க்கும் வைரத்தைத் தடுக்க 2003 முதல் நடப்பிலுள்ள கிம்பர்லி ஏற்பாடு, பட்டை தீட்டாத வைரத்துக்கு மட்டும்தான். மாணிக்கத்துக்குக் 'கிம்பர்லி சான்று' இருக்கிறது என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். எந்த ஊர்க் கல் என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்குவதைவிடக் கல்லே வைக்காத நகை அழகு.

புலிநகத்துக்கு வெள்ளி கட்டித் தரச் சொல்லியும் ஆள் வருவார்கள். தாத்தா சொத்தென்றாலும் கையில் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன்படி அனுமதியின்றி அதை வைத்திருப்பதே குற்றம். யானைமுடி மோதிரமும் வேண்டாம்.

வீட்டிலேயே தீ ஊதிப் பற்றவைப்பதென்றால் காட்மியம் என்ற உலோகம் கலக்காத பொடியாகப் பார்த்து வாங்குங்கள். காட்மியப் புகை நுரையீரலைக் கெடுத்துவிடும். மோதிரத்தின் ஒட்டுவாயை அரத்தால் ராவி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடுக்கில் ஒளி தெரிந்தால் இன்னும் ராவ வேண்டும். வெண்காரம் (போராக்ஸ்) தடவியபின் தீயைப் பொடி மேலேயே காட்டாமல் நகையைச் சுற்றிக் காட்டுங்கள். சூடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பொடி ஓடும். முறையாகக் கற்க நினைத்தால் ராவாங்கில் இன்ஸ்டிடியூட் கிராஃப் நெகாரா என்ற தேசியக் கைவினைக் கல்விக்கூடம் இருக்கிறது.

வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பெயரில் 60.

கிராம் விலையில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு நகைக்கடைகளோடு போட்டி போட முடியாது. ரசீதில் செய்கூலியைத் தனியாகக் காட்டி, வெள்ளி எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். கொலுசு தரும் உறவுக்காரர்கள் முன்னாலேயே எடை போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் "என் கொலுசு இதைவிடக் கனமாச்சே" என்று சித்தி அடுத்த கல்யாண வீட்டில் ஆரம்பிப்பார்.