எலிக்கு வரவழைத்த மாரடைப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் நெஞ்சைத் திறந்து மாரடைப்பு வரவழைக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள் இதைச் சொல்லப்போக வீட்டில் ஒரே ரகளை. ‘கொன்ற பாவம் தின்றால் போகும் என்பார்கள், இவள் தின்னவும் மாட்டாளே’ என்கிறார் அவளுடைய அப்பத்தா. என் சந்தேகம் வேறு. நானும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவன். ஆயுள் முழுக்கக் கந்தரப்பமும் வெள்ளைப்பணியாரமும் தின்று வந்த அடைப்பு என்னுடையது. ஒரே நாளில் ரத்தக்குழாயை நூல் போட்டுக் கட்டிய எலி எனக்கு எப்படி ஈடாகும்?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அடைப்பு ஏன் வந்தது என்பதற்கு அந்த எலி ஈடாகாது. நூல் கந்தரப்பத்தின் கதையைச் சொல்லாது. சாதாரண எலிக்கு ரத்தக்குழாயில் கொழுப்பு எளிதில் படிவதே இல்லை. அதற்கு மரபணு மாற்றிய சுண்டெலிகள் தனியாக இருக்கின்றன. ஆனால் அடைத்த பிறகு இதயத்துக்கு என்ன ஆகிறது என்று கேட்டால், நூல் நன்றாகவே பதில் சொல்லும்.

மயக்கத்தில் இருக்கும் எலிக்கு மூச்சுக்குழாயில் குழல் விட்டு, இடப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவே திறக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு கிராம் எடையுள்ள இதயம், நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் துடிப்புக்கு நடுவே ஊசியை ஓட்டி ரத்தக்குழாயைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு இறுகியதும் அதற்குக் கீழே இதயச்சுவர் சட்டென வெளுக்கும். கட்டு சரியாக விழுந்ததற்கு அதுதான் அடையாளம்.

செத்த தசை பிறகு வடுவாகி மெலியும்; இதய அறை விரிந்து தளரும். மாரடைப்பில் பிழைத்த பலருக்குப் பின்னாளில் மூச்சு வாங்குவது இதனால்தான். 1980களில் போஸ்டனில் மார்க் ஃபெஃபரும் ஜானிஸ் ஃபெஃபரும் இப்படிக் கட்டிய எலிகளுக்குக் கேப்டோப்ரில் என்ற ரத்தக்கொதிப்பு மருந்தைக் கொடுத்தார்கள். விரிவு குறைந்தது, எலிகளும் கூடுதல் காலம் வாழ்ந்தன. அதைத் தொடர்ந்து 2,231 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 1992-இல் வெளியாயிற்று: இறப்பு 19 சதவீதம் குறைவு. உங்கள் மருந்துச் சீட்டில் ‘ப்ரில்’ என்று முடியும் பெயர் இருக்கிறதா, பாருங்கள்.

பக்கவாதத்தில் இந்த வித்தை இவ்வளவு பலிக்கவில்லை. கழுத்து ரத்தக்குழாய் வழியே நைலான் இழையை மூளைவரை செலுத்தி அடைப்பார்கள். எலிகளிடம் பலன் காட்டிய என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து, 2006-இல் வெளிவந்த மனிதச் சோதனையில் நம்பிக்கை தந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2007-இல் வெளிவந்த அடுத்த சோதனையில் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆய்வுக்கூட எலி பெரும்பாலும் இளசு, சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ கிடையாது. அடைப்பு விழுந்த நிமிடமும் தெரியும். நம் பக்கத்திலோ வாய் கோணினால் முதலில் தைலம் தேய்ப்போம், பிறகு பெரியவர்களைக் கேட்போம், அதற்கப்புறம்தான் மதுரைக்குக் கார் பிடிப்போம்.

அப்பத்தாவின் பாவக்கணக்கைத் தீர்க்க நான் ஆளில்லை. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் மகள் எலியைத் தொட்டிருக்க முடியாது என்று மட்டும் சொல்லுங்கள். மகளிடம் மூன்று விஷயம் கேளுங்கள். விழித்த எலிக்கு வலிமருந்து கொடுக்கிறார்களா? நெஞ்சைத் திறந்து முடிச்சு மட்டும் போடாமல் மூடிய எலிகளும் ஒப்பிட இருக்கின்றனவா? எந்த எலி மருந்து தின்றது என்று அளப்பவருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்களா? இதில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் நான் அப்பத்தா கட்சி.