தேயிலை என்ற சொல்லில் உள்ள ‘தே’ எங்கிருந்து வந்தது?

தேய்த்துப் பதப்படுத்துவதால்தான் ‘தேயிலை’ என்ற பெயர் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, சீனாவின் பூஜியன் கரையோர மக்கள் பேசும் மின்னான் மொழியில் இச்செடிக்கு வழங்கும் ‘தே’ என்ற பெயரோடு நம் ‘இலை’ சேர்ந்து உருவான சொல் அது. அக்கரையோர வணிகர்களிடமிருந்து ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அப்பெயரை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றதால் ஆங்கிலத்தின் ‘டீ’யும் அதே வேரைச் சேர்ந்தது, சீனக் கரையின் மக்காவு துறைமுகத்தில் வணிகம் செய்த போர்த்துக்கேயரோ ‘சா’ என்றார்கள், இந்தியின் ‘சாய்’, கேரளத்தின் ‘சாயா’ ஆகியனவும் அந்தக் கிளையினவே. சிங்களத்திலும் ‘தே’தான்.

1867இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரா தோட்டத்தில் வணிகப் பயிராக நட்ட இச்செடியை வளர்த்தெடுத்த மலையகத்தில், கூடையில் விழும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் ‘கொழுந்து’ எனப்படும். வாடி, அரைபட்டு, கறுத்த பிறகே அது தேயிலைத்தூள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக் காலையின் ‘தேத்தண்ணி’ அந்தச் சீன ஒலியை ‘டீ’யைவிடத் தெளிவாகக் காத்து வைத்திருக்கிறது என்றே கருதுகிறேன்.