பதில்: நீர்வளர்ப்பில் ஆர்சனேட் கொடுத்தும் நெல் நாற்றின் இலையில் ஏறவில்லை

ஆர்சனேட் (நச்சுப்பொருளான ஆர்சனிக்கின் ஒரு வடிவம்) கொடுத்தும் நெல் இலையில் அது தென்படாததால், சோதனைக் கருவியில் கோளாறு இருக்கும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு உங்கள் ஊட்டக் கரைசல் மேல்தான் சந்தேகம். அதில் பாஸ்பேட் தாராளமாக இருக்கிறதே! ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் உருவில் ஒன்றுபோல. வேருக்குள் நுழைவதும் ஒரே கடத்திப் புரதங்கள் வழியாகத்தான். பாஸ்பேட் அதிகமானால் ஆர்சனேட்டுக்கு இடம் கிடைக்காது. அளவைக் குறைத்துப் பாருங்கள்.

அப்போதும் இலையில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வேர் ஆர்சனேட்டை ஆர்சனைட் என்ற இன்னொரு ஆர்சனிக் வடிவமாக மாற்றி, ஒரு பங்கை வெளியே தள்ளும். மீதியில் பெரும்பகுதியைக் கந்தகம் கொண்ட பைட்டோகெலாட்டின்களுடன் (நச்சைப் பிடித்து வைக்கும் சிறு பெப்டைடுகள்) பிணைத்து, செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பையான நுண்குமிழியில் பூட்டிவிடும். ஆகவே வேரையும் சோதியுங்கள். (பிரேக் பெரணி நேர்மாறு, இலைக்கே ஏற்றிச் சேமிக்கும்.)

நீர் தேங்கிய வயல் மண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஆர்சனைட்டே மிகுதி. அது சிலிக்கன் போகும் வழியில் நுழைகிறது.